கிராங்க் கேஸ்: வீட்டிலேயே மூடலாமா, பட்டறைக்குக் கொடுக்கணுமா?

கரிக்கை:
ஒத்தை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். கேஸை, அதாவது கிராங்கைச் சுத்தி மூடுற ரெண்டு பாதி அலுமினியக் கூட்டைப் பிரிச்சாச்சு, மெயின் பேரிங் ரெண்டும் புதுசு, 6305 அளவு. கிராங்கை (பிஸ்டன் ஓட்டத்தைச் சுழற்சியா மாத்துற தண்டு) உட்கார வச்சு ரெண்டு பாதியையும் சேர்க்கணும். ஹீட் கன், ரப்பர் மேலட், டார்க் ரெஞ்ச் இருக்கு. புல்லர் (கிராங்கைப் பேரிங்குக்குள்ள இழுத்து உட்கார வைக்கிற டூல்) இல்லை. வீட்டிலேயே செய்யலாமா?

லேத்காரர்:
வேண்டாம் தம்பி. அது ரெண்டு வெப்பையும் (பக்கத் தட்டு) நடுவுல ஒரு பின்னை அழுத்திச் சேர்த்த கிராங்க். முனையில ஓங்கி ஒரு அடி விழுந்தா ரெண்டு வெப்பும் உள்ளே நெருங்கிடும், இல்லைன்னா பின்னுல திருகிக்கும். கண்ணுக்குத் தெரியாது. கையேடு அனுமதிக்கிற கோட்டம் (சுத்தும்போது முனை ஆடுற அளவு) மில்லிமீட்டர்ல நூத்துல சில பங்குதான். அந்த ஆட்டத்தை அளக்கிற டயல் கேஜ் இல்லாம எதை நம்பி மூடுவீங்க?

டூஸ்ட்ரோக் தாசன்:
அதை அடிக்கிறவங்ககிட்டச் சொல்லுங்க அண்ணே. சூடு பண்ணத் தெரிஞ்சவனுக்குச் சுத்தியல் எதுக்கு? இரும்பைவிட அலுமினியம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். 6305-க்கு வெளிவிட்டம் 62 மி.மீ. கேஸை 100 டிகிரி ஏத்தினா அந்தக் குழி சுமார் 0.14 மி.மீ. பெருசாகும். பேரிங் தன்னால விழும். கிராங்குக்கும் அதே கணக்குதான். பேரிங்கோட 25 மி.மீ. உள்வளையம் 110 டிகிரியிலும் கிராங்க் ஃப்ரீசர் குளிர்லயும் இருந்தா 0.04 மி.மீ. கிட்ட இடம் கிடைக்கும். ஆயில் சீலை (கிராங்க் முனையில கசிவைத் தடுக்கிற ரப்பர் வளையம்) மட்டும் எல்லாம் ஆறினப்புறம் போடுங்க, ரப்பர் அந்தச் சூட்டைத் தாங்காது.

லேத்காரர்:
கணக்கு சரி, முதல் பாதிக்கு. ரெண்டாவது பாதி வர்றதுக்குள்ள கிராங்க் சூடேறிடும், பாதியில மாட்டிக்கும். அப்ப எல்லாரும் பண்றது என்ன? கேஸ் ஸ்க்ரூவை முறுக்கி இழுக்கிறது. ஸ்க்ரூ மாட்டுற அலுமினியக் காது பொட்டுனு உடைஞ்சு போயிடும். அப்புறம், ஃப்ரீசர்லேர்ந்து எடுத்த இரும்பு வியர்க்கும். பிஸ்டனைக் கிராங்கோட சேர்க்கிற கனெக்டிங் ராட் பேரிங்ல அந்தத் தண்ணி நின்னா துருதான்.

டூஸ்ட்ரோக் தாசன்:
எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் பையில கட்டி வைக்கணும், அவ்வளவுதானே. ரெண்டாவது பக்கத்துக்கு இழுக்குற டூல் வேணும்னு ஒத்துக்கிறேன். கிராங்க் மரையில மாட்டி, பேரிங் உள்வளையத்துல ஊன்றி இழுக்கணும். அப்ப வெப் மேல சுமையே ஏறாது. தடித்த குழாய்த் துண்டு, வாஷர், நீள நட் போதும், நாமளே செஞ்சுக்கலாம்.

நட்டுபோல்ட்டு:
ரெண்டு பேரும் கிராங்கையே பிடிச்சுட்டு இருக்கீங்க. வீட்டுல மூடின எஞ்சின் திரும்பப் பிரிக்கிற நிலைக்கு வர்றது பெரும்பாலும் கியர் ஷாஃப்ட் முனையில ஒரு வாஷர் விட்டுப் போறதாலதான். கசிவடைக்கிற பேஸ்ட் இல்லாம ரெண்டு பாதியையும் ஒருதரம் சேர்த்து, ஷாஃப்டைச் சுத்திக்கிட்டே எல்லா கியரும் மாத்திப் பாருங்க. ரெண்டு பாதிக்கும் நடுவுல வைக்க கம்பெனி பேப்பர் கேஸ்கெட் கொடுத்திருந்தா அதையே போடுங்க. அதை விட்டுட்டு வெறும் பேஸ்ட் வச்சா கேஸ்கெட் தடிமன் அளவுக்கு ஷாஃப்ட் ஆட்டம் குறைஞ்சு கியர் இறுகும். சிலிகான் பேஸ்டை அப்பினா உள்ளே பிதுங்கி நூல்நூலா உரிஞ்சு வரும். ஃபோர் ஸ்ட்ரோக்ல அது நேரா ஆயில் வடிகட்டுற வலையை அடைக்கும்.

கரிக்கை:
கேஸ்கெட் வகைதான், புதுசு இருக்கு. பிரிக்கும்போது ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பலை, ரெண்டு பாதியும் சேர்ற முகம் சுத்தமா இருக்கு. கிராங்கை மட்டும் டயல் கேஜ்ல பார்க்கக் கொடுத்துட்டு மத்ததை நானே பண்ணட்டா?

லேத்காரர்:
கிராங்கைக் காட்டறேன்னு சொன்னதுக்கே பாதி சண்டை முடிஞ்சுது. ஆனா மூடினதுக்கு அப்புறமும் அது நேரா இருக்கணுமே? ரெண்டு முனையையும் மேலட்டால லேசாத் தட்டி நடுவுல நிக்க வைங்க. விரலால சுத்தினா தடையில்லாம சுத்தணும். ஒரே இடத்துல பிடிச்சா, "ஓடினா சரியாயிடும்"னு விட்டுடாதீங்க. பிரிங்க.

டூஸ்ட்ரோக் தாசன்:
சிலிண்டர், சீல் எல்லாம் போட்டதும் இன்டேக், எக்ஸாஸ்ட், பிளக் துளையை அடைச்சுக் காற்று ஏத்துங்க, 0.4 பார் கிட்ட. சில நிமிஷம் இறங்காம நிக்கணும். இது டூ ஸ்ட்ரோக். கேஸ் ஒழுகினா எண்ணெய் கறையோட போகாது, காத்து உள்ளே இழுத்துப் பெட்ரோல் கலவை மெலிஞ்சு பிஸ்டன் ஜாம் ஆகும். பட்டறையில மூடினாலும் இதைச் செய்யுங்க. எத்தனை பட்டறை செய்யுதுன்னு லேத்காரர் அண்ணனே சொல்லட்டும்.

லேத்காரர்:
நான் செய்வேன். மத்தவங்களுக்கு நான் ஜாமீன் இல்லை.