மறு: ‘செல் ரெண்டரர்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம். இணையப் பக்க அட்டவணையில் ஒரு கலத்தின் (செல்) மதிப்பு கண்ணுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் நிரல்பகுதிதான் செல் ரெண்டரர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> ஃபார்மேட்டர், ரெண்டரர் இரண்டுமே கலத்தை நன்றாகக் காட்டத்தானே ஐயா? ‘வடிவூட்டி’ என்ற ஒரே சொல் போதாதா?

போதாது தம்பி. வடிவூட்டி, அதாவது ஃபார்மேட்டர், ஒரு மதிப்பை வாங்கிக்கொண்டு எழுத்தாகத் திருப்பித் தரும். 3645 போனால் ‘3,645’ வரும், அதோடு அதன் வேலை முடிந்தது. ரெண்டரரோ கலத்துக்குள் பொத்தான், படம், நிறப்பட்டை என்று எதையும் கொண்டுவந்து வைக்கும். அட்டவணை காட்ட உதவும் நிரல்தொகுப்பான ஏஜி கிரிட்டில் இவை தனித்தனி அமைப்புகள். பாதுகாப்பு விஷயமும் இருக்கிறது: பயனர் தட்டச்சிட்ட பெயரை ரெண்டரர் அப்படியே எச்டிஎம்எல்லாக (இணையப் பக்கக் குறிமொழி) ஒட்டினால், அதற்குள் யாராவது ஒளித்துவைத்த நிரல்துண்டு பார்ப்பவரின் உலாவியில் ஓடிவிடும். நிரலைச் சரிபார்ப்பவர் எங்கே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்பது பெயரிலேயே தெரிய வேண்டாமா?

நம்மூர் ஏரிகளின் அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். ஐப்பசி பிறந்தால் சென்னையில் எல்லோரும் தேடும் அட்டவணை அதுதான். முழுக் கொள்ளளவு மில்லியன் கன அடியில்: செம்பரம்பாக்கம் 3,645, புழல் 3,300, பூண்டி 3,231, சோழவரம் 1,081, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500. காற்புள்ளியையும் சேர்த்து வெறும் எழுத்தாகவே இவற்றைத் தரவில் சேமித்துவிட்டு, நெடுவரிசைத் தலைப்பைச் சொடுக்கி ஏறுவரிசையில் அடுக்கிப் பாருங்கள். சோழவரம் முதலில் நிற்கும். கடைசியில், செம்பரம்பாக்கத்துக்கும் கீழே, இருப்பதிலேயே சிறிய கண்ணன்கோட்டை! எழுத்தாக ஒப்பிட்டால் 5 என்பது 3-க்குப் பின்னால்தானே வரும். (கணக்குப் புத்தகப்படி ‘நிரல்’ என்று எழுதாமல் நெடுவரிசை என்கிறேன், நமக்கு நிரல் என்றால் புரோகிராம்.)

கலத்தில் கிடக்க வேண்டியது 3645 என்ற எண். கண்ணுக்கு அது ‘3.645 டி.எம்.சி.’ என்றோ நீலப்பட்டையாகவோ தெரியலாம். அடுக்குவதும் வடிகட்டுவதும் எண்ணை வைத்தே நடக்க வேண்டும். இதற்காகத்தான் டேட்டாடேபிள்ஸ் என்ற இன்னொரு நிரல்தொகுப்பு, நாம் எழுதித் தரும் ஒரே செயற்கூற்றை (ஃபங்ஷன்) காட்டுவதற்கு, அடுக்குவதற்கு, வடிகட்டுவதற்கு என்று நோக்கத்தைச் சொல்லித் தனித்தனியே அழைக்கிறது.

ஆக, மதிப்பு அப்படியே இருக்க, தோற்றம் மட்டும் மாறுகிறது என்பதைச் சொல் காட்ட வேண்டும். இதுவரை வந்தவற்றில் ‘கலவரைவி’யை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கலவரம் என்று காதில் விழுந்து தடையுத்தரவு போட வேண்டிவரும். ‘கலப்புனைவி’ கலப்படத்தில் கொண்டுபோய் விடுகிறது. ‘கலங்காட்டி’ மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் தம்பி மாதிரி இருக்கிறது. மகர மெய் போனாலும் திரிந்தாலும் ‘கலம்’ அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது.

> பேசாமல் ‘கட்டம்’ என்று வைத்துவிடலாமே?

விரிதாளில் ‘கலம்’ வேரூன்றிவிட்டது அம்மா, இனிப் பிடுங்க வேண்டாம். முதல் கட்டம், இரண்டாம் கட்டம் எல்லாம் மெட்ரோ ரயில்காரர்களுக்கே இருக்கட்டும்.

கலத்தை முன்னால் ஒட்டாமலே சொல்லலாம் என்பது என் கட்சி. ரெண்டரருக்கு ‘ஒப்பனை’, அதைச் செய்யும் நிரல்பகுதிக்கு ‘ஒப்பனைச் செயற்கூறு’. தெருக்கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டியவர் கிரீடத்தைக் கழற்றினால் ஊருக்குத் தெரிந்த அதே ஆள்தான். அந்தப் பொருள் இந்தச் சொல்லில் தானாகவே வந்துவிடுகிறது. அழகு நிலைய வாடை அடிக்கிறது என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். அடிக்கட்டுமே, நாலு நாள் புழங்கினால் போய்விடும்.

எனக்குப் பெரிய சோதனை அலுவலகப் பேச்சுதான். ‘கொள்ளளவு நெடுவரிசைக்கு ஒப்பனை எழுதிவிட்டேன், தேதிக்கு வடிவூட்டியே போதும்’ என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னால் புரிகிறது. தனி ஒப்பனை எழுதாத கலத்துக்கு ‘இயல்பு ஒப்பனை’ என்பதும் உறுத்தவில்லை. ‘தோற்றி’ என்று சொன்னவருக்கு மட்டும் ஒரு கேள்வி: ‘கலத்தோற்றி வேலை செய்யவில்லை’ என்று வழு அறிக்கை வந்தால், படிப்பவர் ‘தொற்று’ என்று படிக்க மாட்டாரா?

மறுப்பு இருப்பவர்கள் ஒரு வாக்கியத்தில் உங்கள் சொல்லைப் போட்டுக் காட்டி எழுதுங்கள், பட்டியல் மட்டும் அனுப்பாதீர்கள். கலத்தில் உள்ள மதிப்பைத் திருத்த உதவும் செல் எடிட்டரைத் தனி இழையில் பேசலாம். அதற்கு வந்திருக்கும் ‘கலத்திருத்தி’யில் கலம் ஒரு வம்பும் செய்யவில்லை.

அன்புடன்,
வேளச்சேரியிலிருந்து