மறுமொழி: 'கிரெய்ன்' என்பதற்கு இரைச்சல் வேண்டாம், பரல் என்போம்; அதை அளவு மீறி நீக்குவதை மெழுகல் என்போம்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். மூன்று நாளாக இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். ஃபிலிம் கிரெய்ன், அதாவது சுருளில் எடுத்த படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் புள்ளிகள், அதற்குத் தமிழ் கேட்டு வந்த முதல் மடலுக்கே 'இரைச்சல்' என்று ஒரு பதில் போய், 'ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல், போதும்' என்று ஐந்தாறு பேர் வழிமொழிந்து, இழை முடியப் போகிறது என்று தெரிந்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். அந்தச் சொல் இங்கே பொருந்தாது. பொருந்தாதது மட்டுமல்ல, பழைய படங்களை வட்டில் பார்க்கிற நமக்கு அது கேடும் செய்யும். ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன், அப்போதுதான் விளங்கும்.

படம் ஹோம் அலோன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் குடும்பமே பாரிஸுக்குப் பறந்துவிட, எட்டு வயதுப் பையன் மட்டும் வீட்டில் விடுபட்டு, திருட வந்த இரண்டு பேரைப் படாத பாடு படுத்தும் அந்த நகைச்சுவைப் படம்தான். ஜான் ஹியூஸ் எழுதி, கிறிஸ் கொலம்பஸ் இயக்கி, 1990 நவம்பரில் வெளிவந்தது. ஒளிப்பதிவு ஜூலியோ மகாட். சிகாகோவை அடுத்த வின்னெட்காவில் இருக்கும் அந்தச் செங்கல் வீட்டுக்குள் எங்கே பார்த்தாலும் சிவப்பும் பச்சையும்தான்; சுவர்த்தாள், விரிப்பு, திரைச்சீலை, பையனின் பின்னல் ஸ்வெட்டர் என்று வீடு முழுவதையும் கிறிஸ்துமஸ் நிறத்தில் தோய்த்து எடுத்திருப்பார்கள். 2023இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம் பிடித்துவிட்டது.

இதை நான் விஎச்எஸ் நாடாவில் பார்த்திருக்கிறேன், டிவிடியில் பார்த்திருக்கிறேன், 2008இல் வந்த ப்ளூரேயில் பார்த்திருக்கிறேன், 2020இல் வந்த 4கே வட்டிலும் பார்த்திருக்கிறேன். நாடாவில் கிடைமட்டத் தெளிவு 240 கோடு அளவுதான். அமெரிக்க டிவிடி 720க்கு 480 புள்ளி. அந்த அளவில் 35 மிமீ சுருளின் கிரெய்ன் கண்ணுக்கு ஒழுங்காக வந்து சேராது, அதைவிடப் பெரிய கோளாறுகள்தான் தெரியும். அதனால் அந்தக் காலத்தில் பார்த்துப் பழகியவர்கள் ப்ளூரேயின் 1920க்கு 1080இல் முதல்முறையாகப் பார்த்ததும் 'என்ன இது, படம் முழுக்க எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதே, வட்டு கெட்டுப்போயிற்றா' என்று கேட்டார்கள். உண்மையில் படம் கொட்டகையில் ஓடியபோது திரையில் இருந்ததுதான் அப்போது அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

போன டிசம்பரில் இதே படத்தை ஓர் இணைய ஒளிபரப்பில் பார்த்தேன். முதலில் 'எவ்வளவு துப்புரவாக இருக்கிறது' என்றுதான் நினைத்தேன். பத்து நிமிடத்தில் மனம் கசந்துவிட்டது. ஸ்வெட்டரின் பின்னல் போய், ஒரே சிவப்புத் துணியாகத் தெரிகிறது. மாதா கோவில் காட்சியில் பக்கத்து வீட்டுப் பெரியவரின் தாடி, முடி முடியாகப் பிரியாமல் வெள்ளையாக அப்பி வைத்ததுபோல் இருக்கிறது. திருடனாக வரும் ஜோ பெஷியின் முகத்தைப் பக்கத்தில் காட்டும்போது பொம்மை முகம். எல்லாவற்றுக்கும் மேல், இரவுக் காட்சியில் பனி பெய்ய வேண்டிய இடத்தில் சில பனித்துகள்கள் பாதி வழியில் காணாமல் போகின்றன! கிறிஸ்துமஸ் படத்தில் பனியையே அழித்துவிட்டால் அப்புறம் எதைப் பார்ப்பது?

ஏன் அப்படி ஆகிறது என்பதில்தான் நம் சொல்லாக்கச் சிக்கலே இருக்கிறது. படத்தைத் துப்புரவாக்க ஓட்டும் டிஎன்ஆர் (டிஜிட்டல் நாய்ஸ் ரிடக்‌ஷன், அதாவது இரைச்சல் நீக்கம்) என்ற மென்பொருள் வேலை, சுருக்கமாகச் சொன்னால், அடுத்தடுத்த சட்டங்களை (ஃபிரேம்களை) ஒப்பிடுவது. இருந்த இடத்திலேயே இருப்பது படம், சட்டத்துக்குச் சட்டம் மாறுவது 'இரைச்சல்', எனவே அதைச் சராசரி எடுத்து அமுக்கு என்பது அதற்கு இட்ட கட்டளை. சுருளின் கிரெய்ன் நொடிக்கு 24 தடவை இடம் மாறும். பெய்கிற பனியும் மாறும். மென்பொருளுக்கு இரண்டும் ஒன்றுதான். சொல்லிக்கொடுத்தவர் அதற்கு இரைச்சல் என்று பெயர் வைத்தார், அது இரைச்சலை நீக்கிவிட்டது.

நாமும் அதே பெயரை வைக்கப் போகிறோமா?

கிரெய்ன் என்ன என்று ஒரு தடவை நினைவுபடுத்திக்கொள்வோம். சுருளின் பூச்சில் இருப்பவை ஒளி பட்டால் மாறும் நுண்ணிய வெள்ளி உப்புப் படிகங்கள். கழுவும்போது வண்ணச் சுருளில் வெள்ளி கரைந்து வெளியேறிவிடும். அது இருந்த இடத்தைச் சுற்றிச் சின்னச் சின்னச் சாயத் திட்டுகள் தங்கும். படம் என்பதே அந்தத் திட்டுகள்தான். அதற்கு அடியில் 'சுத்தமான படம்' என்று வேறு ஒன்று ஒளிந்திருக்கவில்லை. சேலையில் நூலை அழுக்கு என்று நினைத்து உருவினால் சேலை எங்கே மிஞ்சும்? குறைந்த வெளிச்சத்திலும் படம் பிடிக்கும் வேகச் சுருளில் படிகம் பெரிதாக இருக்கும், அதனால் இருட்டுக் காட்சிகளில் கிரெய்ன் கூடும். 1990இல் காட்சி மேல் காட்சி கரைவது, எழுத்து ஓடுவது எல்லாம் சுருளிலிருந்து சுருளுக்கு இன்னொரு தடவை படியெடுத்துச் செய்தவை என்பதால் அங்கேயும் கூடும். கூடுவதும் குறைவதும் அந்தப் படம் எடுக்கப்பட்ட விதத்தின் தடயம்.

இரைச்சல் என்ற சொல்லின்மேல் எனக்குப் பகை இல்லை. நாடாவில் கோடு கோடாக ஓடுவது, மின்னணுக் கேமராவின் உணரி இருட்டில் தானாகக் கிளப்புவது இவற்றை இரைச்சல் என்றே வைத்துக்கொள்ளலாம். சைகையோடு (சிக்னலோடு) கலந்த வேண்டாத சரக்கு அது. தமிழில் இரைச்சல் காதால் கேட்பது, கண்ணுக்கு எப்படிப் பொருந்தும் என்று ஓர் ஐயா கேட்டிருந்தார், நல்ல கேள்வி. ஆனாலும் மின்னணுவியலில் வேரூன்றிவிட்டது, பிடுங்க வேண்டாம். என் வாதம் இவ்வளவுதான்: 'நாடாவின் இரைச்சலை நீக்கு, சுருளின் ______ஐ விட்டுவை' என்று ஒரே வாக்கியத்தில் எழுத முடிய வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் இந்த வாக்கியத்தையே தமிழில் எழுத முடியாது.

கோடிட்ட இடத்துக்கு இதுவரை இங்கே வந்த சொற்களைப் பார்ப்போம்.

> 'துகள்' எளிமையாக இருக்கிறதே, எல்லோருக்கும் புரியுமே

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். துகள் என்றால் தூசும்தான். சுருளில் ஒட்டிய தூசு, கீறல், மயிரிழை இவற்றை நீக்குவது சீரமைப்பவர்கள் செய்தே தீர வேண்டிய வேலை. 'துகள் நீக்கம்' என்று எழுதினால் பாராட்டா, குற்றச்சாட்டா என்று படிப்பவருக்குத் தெரியாது.

> குருணை. அரிசிக் குருணை போல. பேச்சுவழக்கில் உயிரோடு இருக்கும் சொல்

எனக்குப் பிடித்த சொல், வீட்டில் குருணைக் கஞ்சி குடித்து வளர்ந்தவன்தான் நானும். ஆனால் குருணை என்பது உடைந்தது. முழு அரிசி ஒன்று இருந்து, அது நொறுங்கிக் கழிந்ததற்குப் பெயர். இங்கே எதுவும் உடையவில்லை. சொல்லிலேயே ஒரு குறை ஒட்டிக்கொண்டு வருகிறது.

'மணி' என்பதை இரண்டு பேர் சொன்னார்கள். நேரம், ஆலயமணி, நவமணி, நெல்மணி என்று ஏற்கெனவே சுமை அதிகம். 'மணி குறைந்துவிட்டது' என்று எழுதினால் என்னவென்று நினைப்பார்கள்? 'சொரசொரப்பு' தொட்டுப் பார்க்கும் பரப்புக்கு உரியது. விமரிசனத்தில் வருணனையாக எழுதலாம், கலைச்சொல்லாக வேண்டாம்.

என் பரிந்துரை பரல். கண்ணகி சிலம்பில் மாணிக்கப் பரல், தேவி சிலம்பில் முத்துப் பரல் என்று பள்ளிக்கூடத்திலேயே கற்ற சொல், அதனால் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பருக்கைக் கல்லுக்கும் பரல் என்றே பெயர், உப்புப் பரல் என்றும் சொல்வதுண்டு. சுருளில் இருப்பது வெள்ளி உப்பு என்பதால் இந்தப் பொருத்தம் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்தது. சின்னது, தனித்தனியானது, எண்ண முடியாதபடி நிறைந்திருப்பது, உள்ளே இருந்து ஒலிப்பது. சிலம்பில் பரலை எடுத்துவிட்டால் அது வெறும் வளையம், ஓசை கிடையாது. படத்துக்கும் அதுவே.

மறுப்புகள் வரும், தெரியும். மலையாளத்தில் பரல் என்றால் படிகம், குழம்பாதா என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டார். நமக்குப் படிகம் என்று தனிச்சொல் இருக்கிறது, அது வேதியியலில் இருக்கட்டும். படத்தில் கண்ணுக்குத் தெரிவது பரல். வண்ணச் சுருளில் கடைசியில் படிகம் மிஞ்சுவதில்லை என்பதால் இரண்டையும் பிரித்து வைப்பதுதான் அறிவியலுக்கும் சரி. புணர்ச்சியைப் பற்றி இன்னொருவர் கேட்டால்: பரற்செறிவு என்று சேர்த்து எழுதலாம், நன்றாகவே இருக்கிறது, பரல் நீக்கம் என்பதைப் 'பரனீக்கம்' ஆக்காமல் பிரித்தே எழுதுவோம், வாசகர் தடுமாற வேண்டாம்.

சரி, பரலை அளவு மீறி நீக்குவதற்கு என்ன பெயர்? 'இரைச்சல் நீக்கம்' கருவியின் பெயராக இருந்துவிட்டுப் போகட்டும். அதைக் கண்மண் தெரியாமல் ஓட்டியதால் வரும் கெடுதலுக்குத் தனிப்பெயர் வேண்டும். 1987இல் வந்த பிரிடேட்டர் படத்தின் 2010 ப்ளூரேயைப் பற்றி உலகம் முழுக்க ரசிகர்கள் கொதித்தது இதற்காகத்தான். காட்டில் வியர்த்து நிற்கும் ஆட்களின் முகமெல்லாம் வழவழவென்று இருக்கும். 'மழுங்கல்' என்று இங்கே ஒரு மடலில் வந்தது. மழுங்கல் என்றால் கூர்மை போவது. ஆனால் இந்தக் கோளாறில் பல சமயம் பரலை வழித்த கையோடு விளிம்புகளைச் செயற்கையாகக் கூர்தீட்டியும் விடுகிறார்கள். கூரையோரம், தோளோரம் எல்லாம் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். மழுங்கியது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், 'பளிச்சென்றுதானே இருக்கிறது' என்பார்கள்.

நான் சொல்வது மெழுகல். முகம் மெழுகுப் பொம்மை ஆகிறது, அது பெயர்ச்சொல். தரையின் மேடு பள்ளம், பருக்கை எல்லாம் மறையும்படி சாணம் கரைத்து வழவழப்பாக்குவது மெழுகுதல், அது வினைச்சொல். விளைவும் செயலும் ஒரே சொல்லில் கிடைக்கிறது. வாசல் மெழுகுவது மங்கலமான காரியம், அதைப் போய்க் கோளாறுக்கு வைக்கலாமா என்று நம் குழுவின் மூத்த அம்மா ஒருவர் வருந்தி எழுதியிருந்தார். அம்மா, உங்கள் மனத்தாங்கல் புரிகிறது. ஆனால் 'பூசி மெழுகுதல்' என்ற வழக்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே, உள்ளதை மறைத்துப் பேசுவதை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தப் பொருளும் சேர்ந்தே வரட்டும் என்றுதான் இதைத் தேர்ந்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு, அவசரமான காரணம். ஒவ்வொரு சட்டத்திலும் மாறுவதால் பரலைச் சுருக்குவது கடினம், நிறையத் தரவு தின்னும். ப்ளூரேயில் படத்துக்கு நொடிக்கு 40 மெகாபிட் வரை இடம் உண்டு, இணைய ஒளிபரப்பில் அவ்வளவு தருவதில்லை. அதனால் 2018இல் வந்த ஏவி1 சுருக்கமுறையில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: அனுப்பும் இடத்தில் பரலை நீக்கிவிட்டு, அது எப்படிப்பட்டது என்ற அளவுகளை மட்டும் அனுப்பி, நம் வீட்டுக் கருவியில் அதே மாதிரி பரலைக் கணக்கிட்டுத் தூவுவது. இதற்குப் 'பரல் புனைவு' என்று எழுதலாம். 'இரைச்சல் புனைவு' என்று எழுதிப் பாருங்கள், வேண்டாததை ஏன் புனைய வேண்டும் என்று படிப்பவர் கேட்பார்.

ஹோம் அலோன் 4கே வட்டைப் பற்றி இந்தச் சொற்களில் எழுதிப் பார்த்தேன்: 'பகல் காட்சிகளில் பரல் நுண்மை, நிலவறைக் காட்சிகளில் பரற்செறிவு கூடுகிறது, மெழுகல் எங்கும் கண்ணில் படவில்லை, செங்கல் சுவரும் ஸ்வெட்டர் பின்னலும் பிரிந்து தெரிகின்றன.' இடறாமல் படிக்க முடிகிறதா? எனக்கு முடிகிறது. பையன் போட்டுப் பார்க்கும் கருப்பு வெள்ளை அடியாள் படம் வருமே, அது பழைய படம் அல்ல, பழைய படத்தின் சாயலில் இதற்காகவே எடுத்த துண்டு. அங்கே பரல்தான் பாதி நடிப்பு. மெழுகிய பதிப்பில் அது நேற்று எடுத்த காணொளி மாதிரி நிற்கிறது.

தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் உப்பளத்தோடு பழக்கமுள்ளவர்கள் குழுவில் இருந்தால், அங்கே பேச்சில் பரல் எப்படி வழங்குகிறது, பெரிய உப்பு சின்ன உப்பு என்று பிரிக்க வேறு சொல் இருக்கிறதா என்று எழுதுங்கள். நுண்பரல், பருபரல் என்று நான் உருவாக்குவதைவிட அவர்கள் நாவில் இருப்பதை எடுத்துக்கொள்வதே நல்லது. வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்.