பழைய கட்டடத்துக் குடிநீரில் ஈயம்: காய்ச்சினால் போகுமா?

தாமிரபரணிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் மிட்வெஸ்ட் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக் செய்கிறேன். எங்கள் துறை இருக்கும் கட்டடம் 1958-இல் கட்டியது. போன வியாழக்கிழமை காலை மூன்றாம் மாடிக்கு ஏறினால், வராந்தாவில் இருக்கும் குடிதண்ணீர்க் குழாயைக் கறுப்புக் குப்பைப் பையால் மூடி, நீல டேப்பைச் சுற்றி வைத்திருந்தார்கள். மத்தியானம் மின்னஞ்சல் வந்தது. அந்தக் குழாயில் ஈயம் 22 பிபிபி (நூறு கோடிப் பங்கில் 22 பங்கு) இருந்ததாம், மூடிவிட்டார்களாம், மற்ற இடங்களைப் பற்றிக் கவலை வேண்டாமாம். மற்ற இடங்களைச் சோதித்தார்களா என்று ஒரு வரிகூட இல்லை.

எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். ஒன்றரை வருடமாக அந்தக் குழாயில்தான் பாட்டில் நிரப்பிக் குடித்தேன். அம்மா பாளையங்கோட்டையிலிருந்து தினமும் போன் செய்து, "நல்லா கொதிக்க வச்சுக் குடி, எல்லாம் போயிடும்" என்கிறார். போகுமா? அதே மாடியில் பேன்ட்ரி சிங்க் இருக்கிறது, அதில் பிடிக்கலாமா? அப்புறம், வீட்டில் ரசம் ஈயச் சொம்பில்தான் வைக்கிறேன். அதையும் நிறுத்த வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வால்வுக்காரன் எழுதியது:

தங்கச்சி, முதலில் காய்ச்சுவதை நிறுத்துங்கள். கொதித்தால் கிருமி சாகும், ஈயம் சாகாது. தண்ணீர் ஆவியாகப் போக, இருக்கிற ஈயம் மிச்சத் தண்ணீரில் இன்னும் அடர்த்தியாகும். குடிக்கவோ சமைக்கவோ வெந்நீர்க் குழாயிலும் பிடிக்காதீர்கள், சூடான நீர் ஈயத்தை அதிகமாகக் கரைக்கும். குளிப்பதற்குப் பயமில்லை, தோல் வழியாக உள்ளே போகாது.

அடுத்தது மருத்துவர். இந்த வாரமே இரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. இரும்பும் கால்சியமும் குறைவாக இருந்தால் உடம்பு ஈயத்தை அதிகமாக இழுக்கும். அதனால் அவர்கள் கொடுத்த மாத்திரைகளை விடாமல் சாப்பிடுங்கள்.

இனி குழாய் விஷயம். ஒரு பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பாதுகாப்புப் பிரிவில் ஆறு வருடம் தண்ணீர் மாதிரி எடுத்தவன் நான். காலை ஐந்தரைக்கு, துப்புரவுப் பணியாளர்கள் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன்னால், 250 மில்லி பாட்டில்களைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு மாடி மாடியாகப் போவேன். ராத்திரி முழுக்கக் குழாய்க்குள் தேங்கி நின்ற தண்ணீர்தான் முதல் பாட்டிலில் விழ வேண்டும். அரை நிமிடம் ஓடவிட்டு இரண்டாவது பாட்டில். ஒரு இடத்தில் முதல் பாட்டில் 41 வந்தது, இரண்டாவது 2. அப்படியென்றால் தெருவிலிருந்து வரும் குழாயில் குற்றமில்லை, கோளாறு அந்தக் குழாய் வாய்க்குள்ளேயே இருக்கிறது. குழாய் நுனியில் இருக்கும் வலையைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினேன். மிளகைக் கரகரப்பாக இடித்த மாதிரி சாம்பல் நிறத் துகள் விழுந்தது. குழாய்களை ஒட்டவைக்கும் பழைய ஈயப் பற்று, அதாவது சால்டர், உதிர்ந்து அங்கே தங்கியிருந்தது.

அதிலிருந்து பத்தடி தள்ளி இன்னொரு குழாய். அதில் ஈயமே இல்லை! இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு குழாய் நல்லது என்றால் பக்கத்துக் குழாயும் நல்லது என்று அர்த்தமில்லை. கட்டடத்துக்கு ஒரு நம்பர் என்று எதுவும் கிடையாது, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு நம்பர்தான். அதனால் பேன்ட்ரி சிங்கைச் சோதித்த தாளைப் பார்க்கும்வரை அதில் பிடிக்காதீர்கள்.

1986-இல்தான் குடிநீர்க் குழாய்களுக்கு ஈயக் குழாயும் ஈய சால்டரும் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் பித்தளைப் பாகங்களில் 8 சதவீதம்வரை ஈயம் இருந்தால் 'ஈயமற்றது' என்றே விற்கலாம் என்றிருந்தது. 2014 ஜனவரியில்தான் அதை 0.25 சதவீதமாக்கினார்கள். ஆக, உங்கள் 1958 கட்டடம் மட்டுமல்ல, 2005-இல் மாற்றிய குழாயும் சந்தேகத்துக்குரியதுதான். கல்லூரி வளாகத்தில் இது இன்னும் மோசம். வார இறுதி, கோடை விடுமுறை என்று தண்ணீர் நாள்கணக்கில் அசையாமல் நிற்கும். நின்ற தண்ணீர்தான் ஈயத்தை வாங்கும்.

யாரும் சோதிக்கவில்லையா என்று கேட்பீர்கள். அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ.வின் 15 பிபிபி என்பது 1991-இல் ஊர்க் குடிநீர் அமைப்புகளுக்கு வைத்த நடவடிக்கை அளவு, 2024-இல் இறுதி செய்த விதி அதை 10 ஆகக் குறைக்கிறது. 15-க்குக் கீழே இருந்தால் நல்லது என்று அதற்குப் பொருளில்லை. அவர்களே வைத்திருக்கும் இலக்கு பூஜ்யம். குழாய் குழாயாகப் போய்ப் பார்ப்பதில் பள்ளிக்கூடங்களையும் குழந்தைகள் காப்பகங்களையும்தான் புதிய விதிகள் சேர்த்திருக்கின்றன, கல்லூரி விட்டுப்போயிற்று. 2022-இல் சேப்பல் ஹில்லில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் வில்சன் நூலகத்தில் சில குடிநீர்க் குழாய்களில் ஈயம் அகப்பட்டது. தொடர்ந்து தேடத் தேட மற்ற கட்டடங்களிலும் வந்தது. தேடினால்தான் தெரியும்.

பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள்: எந்தெந்தக் குழாய் வாயில் மாதிரி எடுத்தீர்கள், எத்தனை மணிக்கு, அதற்குமுன் எத்தனை மணி நேரம் தண்ணீர் நின்றிருந்தது, வலையைக் கழற்றாமல் எடுத்தீர்களா, ஒவ்வொன்றும் எவ்வளவு. நான் வேலை பார்த்த இடத்திலேயே, மாதிரி எடுப்பதற்கு முந்தின இரவு குழாய்களை நன்றாக ஓடவிட்டுக் கழுவச் சொன்னார்கள். நான் மறுத்து, அந்த வாரம் பாட்டில்களைத் திருப்பி எடுத்துப் போனேன். அப்படி எடுத்த நம்பரை வைத்து ஒரு தாய்க்கு என்ன பதில் சொல்வது?

ஏழாம்நம்பர்பஸ் எழுதியது:

கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தால் முடிந்தது. ஏன் இவ்வளவு அலைச்சல்?

வால்வுக்காரன் எழுதியது:

தங்கச்சி இன்றைக்குக் கேன் வாங்கலாம், வாங்கட்டும். ஆனால் ராத்திரி அந்த மாடியைத் துடைக்க வரும் அம்மா எந்தத் தண்ணீரைக் குடிப்பார்? அவருக்கு அந்த மின்னஞ்சல் போயிருக்காது. நான் பார்த்தவர்கள் பலருக்கு அலுவலக மின்னஞ்சலே கிடையாது. கறுப்புப் பையை அவிழ்த்துவிட்டுக் குடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் கேட்கத்தான் வேண்டும்.

டிகிரிகாபி எழுதியது:

இரண்டு விஷயம். பாட்டில் நிரப்பும் மெஷின் இருந்தால் உள்ளே இருக்கும் ஃபில்டரில் என்.எஸ்.எஃப் 53 என்ற தர எண்ணும், ஈயத்துக்குச் சான்று உண்டு என்றும் போட்டிருக்கிறதா பாருங்கள். 42 மட்டும் என்றால் அது குளோரின் ருசிக்குத்தான். பச்சை விளக்கை மட்டும் நம்பாதீர்கள். அது எவ்வளவு தண்ணீர் ஓடியது என்று எண்ணுகிறதே தவிர ஈயத்தை அளப்பதில்லை. ஃபில்டரை மாற்றாமலே விளக்கைப் பச்சையாக்கவும் முடியும். எங்கள் மாடியில் அப்படித்தான் நடந்தது.

ஈயச் சொம்பு வேறு கதை. அது வெள்ளீயம். குழாயில் வருவது காரீயம். இரண்டையும் நாம் ஈயம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் வெள்ளீயம் விலை ஜாஸ்தி, காரீயம் மலிவு, கலந்து விற்பவர்கள் உண்டு. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பிரசவம்வரை சொம்பை எடுத்து மேலே வைத்துவிடுங்கள். ரசம் எவர்சில்வரிலும் மணக்கும்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

வால்வுக்காரன் அண்ணா, டிகிரிகாபி, இருவருக்கும் நன்றி. இரத்தம் கொடுத்துவிட்டேன், முடிவு வெள்ளிக்கிழமை வரும். நீங்கள் சொன்ன கேள்விகளை அப்படியே எழுதி அனுப்பினேன். மூன்று நாள் கழித்துத் தாள் வந்தது. மொத்தம் பதினொரு வாய், சோதித்தது நான்கு. பேன்ட்ரி சிங்க் 9. தரைத்தளத்து மெஷினில் ஒன்றுமில்லை, ஃபில்டரிலும் 53 என்று இருக்கிறது, நானே குனிந்து பார்த்தேன். மாதிரி எடுத்த நேரம் மத்தியானம் இரண்டேகால் என்று போட்டிருந்தார்கள்.

அதைக் காட்டித் திரும்ப எழுதினேன். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பதினொன்றையும் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நானும் வரலாமா என்று கேட்டேன், வரச் சொன்னார்கள். மூன்றாம் மாடி துடைக்கும் மரியாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவரும் பேன்ட்ரி சிங்கில்தான் குடித்துவந்தாராம். அன்றைக்கு அவரும் நிற்கிறார்.