அப்பப்பாவின் பட்டறை மேசையில் செய்த கிற்றார்: 12ஆம் ஃபிரெட்டில் சுருதி இறங்குகிறது, உதவி தேவை

வெளிச்சவீடு_திருமலை

வணக்கம். திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பப்பா தச்சர். வள்ளம் திருத்துவதும் நிலை, கதவு செய்வதும்தான் தொழில். ஆனால் பாலையூற்றுப் பறங்கியர் வீடுகளில் கிற்றார் கழுத்து உடைந்தால் அவரிடம்தான் கொண்டு வருவார்கள். அவருக்கு வாசிக்கத் தெரியாது, ஒட்டத்தான் தெரியும். ஒட்டிக் காய்ந்த பிறகு ஒரு கம்பியைச் சுண்டிவிட்டு, மரத்தில் காதை வைத்துக் கேட்பார். திருப்தி என்றால் தலையாட்டுவார், அவ்வளவுதான்.

போன வருடம் அவர் போய்விட்டார். பட்டறை மேசையை விறகுக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். மேல்பலகையை நான் எடுத்துக்கொண்டேன். நல்ல சமண்டலை, இரண்டு அங்குலத் தடிப்பு. அதை இரண்டாக வெட்டி ஒட்டி, 45 மில்லிமீற்றருக்கு இழைத்து, மின்சாரக் கிற்றார் உடல் ஒன்று செய்தேன். ஃபெண்டர் கம்பனி 1950இல் விற்கத் தொடங்கிய மாதிரிதான்: கழுத்தைத் திருகாணியில் பூட்டுவது, அசையாத பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் உலோகத் துண்டு). பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் சுருள்) ஒன்றே ஒன்று, பிரிட்ஜ் பக்கம், ஒற்றைச் சுருள். கழுத்து இணையத்தில் வாங்கியது.

இப்போது பிரச்சினை. திறந்த கம்பியைச் சரியாகச் சுருதி சேர்த்துவிட்டு 12ஆம் ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த 12ஆவது உலோகக் கோடு) அழுத்தினால், ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்க வேண்டிய ஆறு கம்பியும் ஏறக்குறைய 50 சென்ட் இறங்கி நிற்கின்றன. அதாவது கால் சுரம். நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு) இருந்து பிரிட்ஜுக்கு 648 மி.மீ. மூன்று தரம் அளந்துதான் துளைத்தேன்.

இரண்டாவது, அம்ப் போட்டால் ஒரே இரைச்சல். கம்பியைத் தொட்டால் மாற்றமில்லை. கேபிள் செருகும் உலோகத்தைத் தொட்டால் பாதியாகக் குறைகிறது.

ஒரு நிபந்தனை. மேசை விளிம்பில் அப்பப்பா உளியால் அங்குல அளவு வெட்டி வைத்திருந்தார், ரேப் தேடிக்கொண்டிருக்காமல் அளக்க. அந்த வெட்டுகள் பிரிட்ஜைச் சுற்றி வரும்படி உடலை அமைத்திருக்கிறேன். அந்த இடத்தில் இன்னொரு ஓட்டை போட எனக்கு மனம் வராது.

யாழ்_ஆறுகம்பி

இது இன்டொனேஷன், அதாவது கழுத்து முழுக்கச் சுருதி பொருந்தும் விஷயம். பயப்பட ஒன்றுமில்லை. சுருதி இறங்கினால் கம்பி நீளம் கூட என்று அர்த்தம். பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் ஒவ்வொரு சாடிலையும் கழுத்துப் பக்கம் நகர்த்துங்கள். ஸ்குரூ திருப்பி ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை.

வெளிச்சவீடு_திருமலை

செய்து பார்த்தேன். சாடில் எல்லாம் முன்னுக்கு வந்து முட்டி நிற்கின்றன. இன்னும் 35 சென்ட் குறைவு.

கிண்ணியா_வயர்மன்

இரைச்சலை நான் பார்க்கிறேன், சுருதி என் துறை இல்லை.

பிரிட்ஜுக்கு ஏர்த் போகவில்லை. பிரிட்ஜின் அடியில் ஒரு கம்பி வந்து தொட வேண்டும், அதன் மற்ற முனை பொட்டின் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் அடிப்பாகம்) முதுகில் ஈயம் பிடித்திருக்க வேண்டும். மல்டிமீற்றரில் ஒரு முனையைப் பிரிட்ஜிலும் மற்றதை ஜாக்கின் வெளி உலோகத்திலும் வையுங்கள். பீப் வராவிட்டால் பிரிட்ஜைக் கழற்றுங்கள். வார்னிஷ் காயும் முன் கம்பியை வைத்துப் பூட்டினீர்களா? அநேகமாகக் கம்பி வார்னிஷுக்குள் புதைந்திருக்கும். சுரண்டிவிட்டால் சரி.

அதற்குப் பிறகும் கொஞ்சம் இரையும். ஒற்றைச் சுருள் பிக்கப் நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தை எப்படியும் பிடிக்கும். குழிக்குள் செப்புத் தகடு ஒட்டி அதையும் ஏர்த்தில் சேர்த்தால் இன்னும் குறையும்.

ஒன்று முக்கியம். கம்பியைத் தொடும்போது கையில் சுரீர் என்றால் உடனே அம்பை நிறுத்துங்கள். அது கிற்றார் பிழை இல்லை, அம்ப் அல்லது வீட்டு ஏர்த் பிழை. ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றது.

மட்டு_இழைப்புளி

தம்பி, நட்டில் இருந்து 12ஆம் ஃபிரெட் வரை எத்தனை மி.மீ? பிரிட்ஜை விடுங்கள், அதை மட்டும் அளந்து சொல்லுங்கள்.

வெளிச்சவீடு_திருமலை

314.

மட்டு_இழைப்புளி

சரி, பிடிபட்டது. 12ஆம் ஃபிரெட் கம்பியின் சரிபாதி. 314இன் இரட்டிப்பு 628. உங்கள் கழுத்து கிப்சன் கம்பனி அளவு, 24.75 அங்குலம். நீங்கள் பிரிட்ஜ் வைத்தது ஃபெண்டர் அளவுக்கு, 25.5 அங்குலம், 648 மி.மீ. உங்களுக்கு 12ஆவது 324இல் வந்திருக்க வேண்டும்.

முதல் ஃபிரெட்டிலேயே இது தெரிந்திருக்கும். கம்பி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் நட்டில் இருந்து முதல் ஃபிரெட் வரும்: 648க்கு 36.4, 628க்கு 35.2. கழுத்து வாங்குகிற எல்லோரும் பெட்டியைப் பிரித்தவுடன் இதை அளக்க வேண்டும். விற்பவர் போட்ட அளவை நம்பக்கூடாது.

வெளிச்சவீடு_திருமலை

விற்றவர் அளவே போடவில்லை, அண்ணா. உடல் ஃபெண்டர் மாதிரி என்பதால் கழுத்தும் அப்படித்தான் என்று நானாகவே முடிவு செய்தேன். தலையில் அடித்துக்கொள்கிறேன்.

யாழ்_ஆறுகம்பி

அப்படியென்றால் இதைக் கழற்றிவிட்டு 648 கழுத்து ஒன்று வாங்கிப் போடுங்கள். உடலைத் தொடவே தேவையில்லை.

மட்டு_இழைப்புளி

பொறுங்கள், காசை வீணாக்க வேண்டாம். ஃபெண்டர் குழியில் உட்காரும் 628 கழுத்துகள், பிரிட்ஜை அசைக்காமல் கழுத்தை மட்டும் மாற்றுகிறவர்களுக்காகச் செய்தவை. அடிப்பகுதி ஒன்றே, வித்தியாசம் முழுக்க நட் பக்கம். நீங்கள் பிரிட்ஜ் இடத்தை நட்டில் இருந்து அளந்ததால் அது 20 மி.மீ பின்னுக்குப் போய்விட்டது. 648 கழுத்தைப் போட்டால் நட்டும் 20 மி.மீ அங்கால் போகும், நீளம் 668 ஆகும். பிழை அப்படியே இருக்கும்.

ஆகவே பிரிட்ஜ் முன்னுக்கு வர வேண்டும். பிக்கப்புக்கும் பிரிட்ஜுக்கும் இடையில் எவ்வளவு இடம்?

வெளிச்சவீடு_திருமலை

8 மி.மீ. பிரிட்ஜ் வராது. வந்தாலும் அந்த வெட்டுகளில் திரும்பத் துளைக்க வேண்டும்.

பாலையூற்று_பைலா

உங்கள் அப்பப்பாவை எனக்குத் தெரிந்திருக்கலாம், பெயர் வேண்டாம். எங்கள் வீட்டுக் கிற்றார் ஒன்றும் கழுத்தில் ஒட்டோடுதான் இருக்கிறது, இன்றைக்கும் கலியாண வீட்டுக்குப் போகிறது. ஒட்டு மறையவில்லை. அவர் மறைக்கப் பார்த்ததாகவும் தெரியவில்லை.

ஒரு கேள்வி. பிரிட்ஜ் வராவிட்டால் கழுத்தை 20 மி.மீ உள்ளே தள்ள ஏலாதா? கழுத்துப் பக்கம் பிக்கப் இல்லைத்தானே?

மட்டு_இழைப்புளி

நான் சொல்ல வந்ததும் அதுதான், முந்திவிட்டீர்கள்.

தம்பி, கழுத்துக் குழியை பிரிட்ஜ் பக்கம் 20 மி.மீ நீட்டுங்கள். ஆழம் கூடவே வேண்டாம், நீளம் மட்டும். முதலில் பூட்டாமல் கழுத்தை வைத்து, இரு ஓரக் கம்பிகளையும் மாட்டி, நட்டில் இருந்து சாடிலுக்கு 628இலும் ஒன்றிரண்டு மி.மீ கூட வருகிறதா என்று பாருங்கள். தடித்த கம்பிக்கு அந்தக் கூடுதல் தேவை. சாடில்களை நடுவுக்குத் திருப்பி வைத்துவிட்டு அளக்கவும், இல்லாவிட்டால் பிறகு நகர்த்த இடமிருக்காது.

பின்னால் கழுத்து ஸ்குரூவுக்குப் புதிதாக நான்கு ஓட்டை வரும். பழைய நான்கில் பிரிட்ஜ் பக்கத்து இரண்டு, ஸ்குரூவுக்கு அடியில் வரும் உலோகப் பிளேட்டுக்குள் மறைந்துவிடும், ஓரத்து இரண்டு வெளியே தெரியும். மேசையில் வெட்டிய மிச்சத்தில் முளை செய்து அடையுங்கள். கடையில் விற்கும் உருண்டைக் குச்சி வேண்டாம், அதில் நார் குறுக்கே நிற்கும், கறுத்துத் தெரியும். முளையின் நாரும் உடலின் நாரும் ஒரே பக்கம் ஓட வேண்டும்.

குழியின் வாயில் கழுத்து மெலியும் இடத்தில் ஒரு இடைவெளி வரும். அங்கே உடலின் ஓரத்தைச் சாய்வாகச் செதுக்கிவிடுங்கள். கழுத்து உள்ளே போவதால் மேல் ஃபிரெட்டுகளுக்கு எட்டுவது கஷ்டமாகும், அதற்கும் இந்தச் சாய்வு உதவும்.

சமண்டலையில் ஸ்குரூ போடும்போது முன்துளை சரியான அளவில் இருக்கட்டும், மெழுகு தடவுங்கள். லேசில் விடாத மரம் அது. ஆங்கிலத்தில் அதற்குப் பெயரே திருகோணமலை மரம். அந்தக் காலத்தில் மதராஸ் கரையின் அலைக்கு ஓடிய மசுலாப் படகுகளுக்கு இங்கிருந்துதான் போனது. சாராயப் பீப்பாயும் அதில்தான் செய்கிறார்கள், அது வேறு கதை.

வெளிச்சவீடு_திருமலை

ஏற்கெனவே ஒரு ஸ்குரூ தலை முறிந்து உள்ளே நிற்கிறது. இப்போதுதான் காரணம் தெரிகிறது. இந்தக் கிழமை செய்துவிட்டு வருகிறேன்.

வெளிச்சவீடு_திருமலை (இரண்டு வாரம் கழித்து)

முடிந்தது.

இரைச்சல் முதலில்: வயர்மன் நானா சொன்னபடியே, கம்பி வார்னிஷுக்குள் புதைந்திருந்தது. சுரண்டினேன், நின்றுவிட்டது. மிச்சம் இருப்பது மெல்லிய இரைச்சல், வாசிக்கும்போது கேட்காது.

குழியை ரவுட்டரில் தொடங்கினேன். மரம் கருகி மணக்கத் தொடங்கியது, கை நடுங்கியது, நிறுத்திவிட்டேன். மீதியை அப்பப்பாவின் உளியால் எடுத்தேன். ஒரு பகல் முழுக்கப் போனது. தீட்டத் தெரியாமல் உளியைக் கொஞ்சம் கெடுத்தும்விட்டேன், அவர் பார்த்திருந்தால் பேசியிருப்பார்.

இப்போது 12ஆம் ஃபிரெட் ஆறு கம்பியிலும் 2, 3 சென்டுக்குள் நிற்கிறது. பின்னால் இரண்டு முளையும் தெரிகின்றன. வார்னிஷால் மறைக்கலாம் என்று நினைத்தேன், பாலையூற்று அண்ணா எழுதியதை வாசித்த பிறகு விட்டுவிட்டேன். முன்பக்கத்து வெட்டுகளில் கை படவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. கச்சான் வீசும்போது கழுத்து நேராக இருக்கிறது. வாடை தொடங்கி மழை பிடித்தால் வளையுமா? மற்றது எடை. முழுதாக 4.9 கிலோ. அப்பம்மாவின் மடியில் வைத்தேன். வெட்டுகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பாரத்தை ஆர் தூக்கித் திரியிறது?" என்றார்.

மட்டு_இழைப்புளி

வளையும். கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருப்ப வேண்டாம். திருப்பி, ஒரு இரவு விட்டு, பிறகு பாருங்கள். கடற்காற்றில் கம்பிகள் துருப்பிடிக்கும், வாசித்து முடிந்ததும் துணியால் துடையுங்கள்.

பாரத்துக்கு மூன்று அங்குல அகலத் தோல் பட்டி. அப்பம்மா சொல்வது சரிதான்.