மறு: ஐபிஎஸ்-க்கு தமிழ்ல என்ன? "எரிச்சல்" வேண்டாம், "குடல் கூச்சம்" வைக்கலாமா

எல்லாருக்கும் வணக்கம். ஐபிஎஸ்னு இங்க நாம பேசறது இர்ரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்ங்கிற குடல் கோளாறு, அதுக்கு தமிழ்ல ஒரு பேர் தேடிட்டிருக்கோம்.

> எரிச்சல் குடல் நோய்னு ஏற்கெனவே பத்திரிகைல எல்லாம் வந்தாச்சு, அதையே வச்சுக்கலாமே, புதுசு எதுக்கு?

ஐயா, இதுக்கு போன மாசம் நான் பார்த்த ஒண்ண சொல்லித்தான் பதில் சொல்ல முடியும், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கங்க. நான் மும்பைல செம்பூர்ல இருக்கேன், தாராவி நம்ம ஆளுங்க யாராவது பெரிய ஆஸ்பத்திரிக்கு போறப்ப பேச்சுத் துணைக்கு கூட போவேன். அப்படி போனப்ப பார்த்தவங்கதான் இந்த அக்கா, தொண்ணூறடி ரோட்டுப் பக்கம் வீடு, இவங்க விடியக்காலைல இட்லி அவிப்பாங்க, வீட்டுக்காரர் சைக்கிள்ல கொண்டுபோய் விப்பார். ஒன்றரை வருஷமா வயித்து வலி, வலி வந்தா ஓடணும், போயிட்டு வந்தா கொஞ்சம் அடங்கும், சாயங்காலம் ஆச்சுன்னா வயிறு பானை மாதிரி உப்பிக்கும். கொலனாஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியா பெருங்குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கற டெஸ்ட், பண்ணணும்னாங்க. அதுக்கு முந்தின நாள் அந்த பவுடர் கரைச்ச தண்ணிய லிட்டர் கணக்குல குடிச்சிட்டு, வீட்டுக்குள்ள டாய்லெட் இல்லாததால பொதுக் கழிப்பறைக்கு ராத்திரி பூரா நடந்திருக்காங்க. அவ்வளவு பட்டு எடுத்த டெஸ்ட்ல எல்லாம் நார்மல், சதை கிள்ளி எடுத்து பயாப்சி பார்த்ததும் நார்மல்.

டாக்டர் நல்ல மனுஷன், நிதானமா இந்தில சொன்னார், "ஆந்த் மே சூஜன் நஹீ ஹை". அக்காவோட தம்பி பொண்ணு நான் வாய் திறக்கறதுக்குள்ள "குடல்ல வீக்கம் இல்லையாம் அத்தை"ன்னுச்சு. அக்கா தன் வயித்த தொட்டுக் காட்டி, "இவ்வளவு வீங்கிக் கிடக்கு, இல்லைங்கறாரா, நான் என்ன பொய்யா சொல்றேன்"னு அங்கயே அழுதுட்டாங்க.

இந்தில சூஜன்னா வீக்கமும் அதுதான் அழற்சியும் அதுதான், நம்மகிட்ட ரெண்டுக்கும் தனித்தனியா சொல் இருந்தும் மும்பைல வளர்ற பிள்ளைங்க வாயில வர்றது வீக்கம் மட்டும்தான். அக்காவுக்கு இருக்கறது உப்புசம், டாக்டர் இல்லைன்னு சொன்னது அழற்சி (உடம்போட தற்காப்பு செல்கள் கூடி திசு பாதிக்கப்படறது), நடுவுல இந்த வீக்கம்ங்கிற சொல் வந்து உக்காந்து ரெண்டு பேரையும் சண்டைக்கு விட்டுடுச்சு. அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல, நாம செய்யவேண்டிய வேலைய நாம செய்யல.

சரி, எரிச்சலுக்கு வர்றேன். டாக்டர் இது ஐபிஎஸ்னு சொன்னதுக்கப்புறம் அக்காவுக்கு யாரோ போன்ல தமிழ்ல ஒரு குறிப்பு அனுப்பியிருக்காங்க, அதுல "எரிச்சல் குடல் நோய்"னு போட்டிருக்கு. எரிச்சல்னா நம்ம ஊர்ல என்ன அர்த்தம், உள்ள புண்ணு இருக்கு, காரம் பட்டா எரியும், அவ்வளவுதான். உடனே மிளகாய நிறுத்தி மோரும் தேங்காப்பாலுமா குடிச்சிருக்காங்க, வலி அப்படியே இருக்கு. (மிளகாய் சிலருக்கு ஆகாதுதான், அது வேற விஷயம்.) நெல்லைலேர்ந்து சொந்தக்காரர் போன் பண்ணி "நெட்ல குடல் அழற்சி நோய்னு போட்டிருக்கு, ஸ்டீராய்டு குடுப்பாங்களாம், குடலையே வெட்டி எடுப்பாங்களாம்"னு பயமுறுத்திட்டார். அவர் படிச்சது கிரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் ரெண்டும் அடங்கின ஐபிடி பத்தி, அதுல குடல்ல நிஜமாவே அழற்சி இருக்கும், அது வேற நோய். எரி, அழல் ரெண்டுமே நெருப்புதானே, எரிச்சலும் அழற்சியும் வேற வேறன்னு ஒரு சாதாரண ஆளுக்கு எப்படி தெரியும். இங்கிலீஷ்ல ஒரு எழுத்துதான் வித்தியாசம், அதையே ஜனங்க குழப்பிக்கறாங்க, நாம தமிழ்ல அந்தக் குழப்பத்த அப்படியே எடுத்து ரெண்டு சொல்லுக்குள்ளயும் தீ வச்சிருக்கோம். சுருக்கமா எழுதலாம்னா அதுவும் முடியாது, ஐபிஎஸ்னு தமிழ்ல எழுதினா போலீஸ் அதிகாரின்னுதான் படிப்பாங்க.

அதனால என் வாதம் இதுதான்: அழற்சிய அதோட வேலைக்கு மட்டும் விட்டுடணும். குடல்வால் அழற்சி, மூட்டழற்சி, கல்லீரல் அழற்சி மாதிரி, எங்க திசுவுல நிஜமாவே அழற்சி தெரியுதோ அங்க. ஐபிஎஸ்-க்கு நெருப்பு வாசனையே இல்லாத ஒரு சொல் வேணும்.

முதல்ல எனக்கு தோணினது "சிணுங்கு குடல்", தொட்டாச்சிணுங்கி ஞாபகத்துல. ரெண்டு நாள் வச்சிருந்துட்டு விட்டுட்டேன். வலின்னு வந்த பொம்பளைங்கள ஏற்கெனவே சிணுங்கறாங்கன்னுதான் வீட்லயும் சொல்றாங்க, நாம வேற பேரு வச்சு முத்திரை குத்தக் கூடாது. "உணர்மிகு குடல்"னு இங்க ஒருத்தர் எழுதியிருந்தீங்க, பொருள் சரியா இருக்கு, ஆனா யார் வாயிலயும் வராது.

அப்புறம்தான் கூச்சம் கிடைச்சுது. புளியங்காய் கடிச்சா பல் கூசும், ஐஸ் தண்ணி பட்டா பல் கூசும், இருட்டுலேர்ந்து வெயிலுக்கு வந்தா கண்ணு கூசும். மத்தவங்களுக்கு ஒண்ணும் பண்ணாத ஒரு சாதாரண விஷயத்த ஒரு உறுப்பு தாங்க முடியாம உணர்றதுக்கு நம்ம மொழில இருக்கற சொல் இதுதான், ஐபிஎஸ்ல நடக்கறதும் பெரும்பாலும் இதுதான். 1973-லயே ரிச்சிங்கிற டாக்டர் பெருங்குடல்ல ஒரு பலூன விட்டு ஊதிப் பார்த்து, மத்தவங்களுக்கு வலிக்காத அளவு விரிவே இவங்கள்ல நிறைய பேருக்கு வலிக்குதுன்னு காட்டினார். 2016-ல வந்த ரோம் 4-ங்கிற சர்வதேச மருத்துவ வரையறையும் இத குடலும் மூளையும் பேசிக்கறதுல வர்ற கோளாறுன்னுதான் வகைப்படுத்துது. வலி நிஜம், நரம்பு நிஜமாவே அதை அனுப்புது, கேமராவுக்குத்தான் அது தெரியாது.

"குடல் கூச்சம்"னு வச்சா இன்னொரு லாபம், அதுக்கு வினைச்சொல் கூடவே வருது. "இன்னைக்கு குடல் ரொம்ப கூசுது டாக்டர்"னு சொல்லலாம். நோயாளி தன் வாயால வாக்கியத்துல போட முடியாத சொல்ல நாம எவ்வளவு ஆக்கினாலும் அது பட்டியல்லயே கிடக்கும்.

> கூச்சம்னா வெக்கம்னு எடுத்துக்க மாட்டாங்களா?

பல் கூச்சத்த யாரும் பல்லுக்கு வெக்கம்னு எடுத்துக்கலயே, டிவில டூத்பேஸ்ட் விளம்பரம் இருபது வருஷமா இந்த சொல்ல நமக்காக பழக்கி வச்சிருக்கு.

> ஐபிஎஸ்லயும் லேசான அழற்சி இருக்குன்னு ஆய்வு சொல்லுதே, அப்ப அழற்சியே இல்லைன்னு பேர் வைக்கறது தப்பில்லையா?

இந்தக் கேள்விதான் எனக்கு தூக்கம் வராம பண்ணிச்சு, கேட்ட டாக்டர் சாருக்கு நன்றி. 2004-ல இத்தாலில பொலோன்யா குழு ஐபிஎஸ் ஆளுங்க குடல்ல மாஸ்ட் செல்கள் (அலர்ஜில வேலை செய்யற தற்காப்பு செல்கள்) நரம்புக்கு ரொம்ப பக்கத்துல தூண்டப்பட்டு இருக்கறதையும், அது பக்கத்துல இருக்க இருக்க வலி கூடுறதையும் காட்டினாங்க. காலரா மாதிரி இல்லாட்டியும் கெட்ட தண்ணி குடிச்சு ஒரு வயித்துப்போக்கு வந்துபோன பின்னாடி ஐபிஎஸ் தங்கிடறதும் உண்டு, 2000-ல கனடாவுல வாக்கர்டன் ஊர்ல குடிதண்ணி கெட்டு நிறைய பேருக்கு அப்படி ஆச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க, மாஸ்ட் செல் நரம்ப சீண்டுது, நரம்பு கூசுது. கூச்சம்ங்கிற பேர் இங்கயும் உடையல. அந்த லேசான நிலைக்கு "மெல்லழற்சி"ன்னு தனியா ஒரு சொல் வச்சிடலாம், அது காரணங்கள்ல ஒண்ணு, நோயோட பேர் இல்ல.

மெல்லழற்சியையும் நுண்ணோக்கிப் பெருங்குடல் அழற்சியையும் மட்டும் சேர்த்துடக் கூடாது. பின்னது தனி நோய், கொலனாஸ்கோப்பில குடல் பளபளன்னு இருக்கும், பயாப்சி எடுத்தாதான் தெரியும். 2010-ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு, மலச்சிக்கல் வகை இல்லாம ஐபிஎஸ்னு சந்தேகப்பட்ட 466 பேர், ஒப்பிட 451 பேர், எல்லாருக்கும் கொலனாஸ்கோப்பி. அந்த 466-ல 7 பேருக்கு இது இருந்துச்சு, அதாவது 1.5 சதவீதம். குடல் சிவந்தோ புண்ணாவோ இருந்தது 4.9 சதவீதம், ஒப்பீட்டு ஆளுங்கள்ல 1.8. ஆக பெரும்பாலானவங்க குடல் கண்ணுக்கு சுத்தம், ஆனா எல்லாருக்கும் இல்ல. அதனால விளக்கக் குறிப்புல கட்டாயம் எழுதணும்: மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை குறையறது, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்துலேர்ந்து எழுப்பற பேதி இதெல்லாம் கூச்சம் இல்ல, டாக்டர பார்த்தே ஆகணும். மலத்துல கால்புரொடெக்டின் பார்க்கற டெஸ்ட்டும் ஐபிஎஸ்ஸையும் ஐபிடியையும் பிரிக்க உதவும், அது வெள்ளை அணுக்கள்லேர்ந்து வர்ற புரதம், அழற்சி இருந்தா ஏறும்.

பல் உவமை முழுசா பொருந்தாதுன்னும் ஒத்துக்கறேன், பல்லுல எனாமல் தேஞ்சது டாக்டர் கண்ணுக்கு தெரியும், குடல்ல அப்படி தெரியாது. ஆனா பேர் நோயாளிய சரியான திசைல திருப்பி விட்டா போதும்.

அக்காகிட்ட போன வாரம் சொல்லிப் பார்த்தேன். "பல்லு கூசற மாதிரி உங்க குடல் கூசுது அக்கா, புண்ணு இல்ல, ஆனா வலி நெசம்." கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "பல்லுக்கு பேஸ்ட் இருக்கு, குடலுக்கு என்ன இருக்கு"ன்னாங்க. வெங்காயம் பூண்டு கோதுமைய கொஞ்ச நாள் குறைச்சுப் பார்க்கறது, இசப்கோல், டாக்டர் குடுக்கற வலி மாத்திரை, இதெல்லாம் பத்தி அப்பதான் முதல் தடவையா அவங்க காதுகொடுத்துக் கேட்டாங்க.

ஞாயித்துக்கிழமை தாராவில குடுக்கறதுக்கு ஒரு பக்க நோட்டீஸ் அடிக்கணும். தலைப்புல "குடல் கூச்சம்"னு பிரிச்சே போடறேன், "குடற்கூச்சம்"னு சேர்த்தா எங்க ஆளுங்க வாயில நிக்காது. இலக்கணம் தெரிஞ்சவங்க இதுல ஆட்சேபம் இருந்தா வெள்ளிக்குள்ள எழுதுங்க. "மெல்லழற்சி"க்கு வேற சொல் இருந்தாலும் சொல்லுங்க, அதுல எனக்கு இன்னும் முழு திருப்தி இல்ல.