சயின்ஸ் மியூசியம் கூட்டிட்டு போனா பட்டன அமுக்கிட்டு ஓடுறான், என்னதான் பண்றது?

பட்டர்வொர்த்_அம்மா:

வணக்கம் எல்லாருக்கும். என் மகன் தமிழ்ப்பள்ளியில 5-ஆம் ஆண்டு படிக்கிறான். அறிவியல்னா ஆசைதான், எதையாவது பிரிச்சு போட்டுக்கிட்டே இருப்பான், வீட்டு ஃபேன் ரிமோட் ரெண்டு போச்சு, ஆனா பாடப்புத்தகத்த தொறந்தா மட்டும் கொட்டாவி வந்துருது. சரி நேர்ல பாத்தா புரியும்னு போன ஸ்கூல் லீவுல ஒரு சயின்ஸ் சென்டருக்கு கூட்டிட்டு போனோம் (எதுன்னு பேர் வேணாம்). டிக்கெட்டு, டோல், பார்க்கிங், சாப்பாடு எல்லாம் சேத்து இருநூறு வெள்ளி கிட்ட காலி. இவன் என்ன பண்ணான்னா ஒவ்வொரு பட்டனா அமுக்கிக்கிட்டே ஓடுறான், லைட்டு எரிஞ்சா சரி அடுத்தது, ஒரு மணி நேரத்துல மொத்த இடமும் முடிஞ்சு "மா, கேஎஃப்சி போலாமா"ன்னு வந்து நிக்கிறான். காடியில வரும்போது என்னடா பாத்தன்னு கேட்டா "டைனசர்"ங்கிறான். அவ்வளவுதான்.

இப்ப என் கேள்வி, அடுத்த லீவுக்கு பினாங்கு கொம்தார் கட்டடத்துல இருக்கிற டெக் டோம் சயின்ஸ் சென்டர் போலாமா, இல்ல ரயில் ஏறி கேஎல்லுக்கே போயி பெட்ரோசைன்ஸ், பிளானட்டேரியம் எல்லாம் காட்டலாமா? இல்ல எதுவுமே வேணாம், ஆன்லைன்லயே நல்லது ஏதாச்சும் இருக்கா? யூடியூப் மட்டும் சொல்லாதீங்க, அறிவியல்னு ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல மைன்கிராஃப்ட்ல போயி நிக்கிறான். இன்னொன்னு, எல்லாமே இங்கிலீஷ்ல இருக்கு, எனக்கு ஃபேக்டரி இங்கிலீஷ்தான் தெரியும், அவன் படிக்கிறது தமிழ்ல, இன்னும் ரெண்டு வருஷத்துல படிவம் 1-க்கு இடைநிலைப்பள்ளி போனா பாட மொழியே மாறிடும், அத நெனச்சாலே பயமா இருக்கு.

பிரிக்பீல்ட்ஸ்_பையன்:

அக்கா, ஓப்பனா சொல்றேன் கோச்சுக்காதீங்க, மியூசியம்லாம் காசு வேஸ்ட். நான் சின்ன பிள்ளையில பெட்ரோசைன்ஸ் நாலு தடவ போயிருக்கேன், ஒவ்வொரு தடவையும் ஸ்கூல் ட்ரிப்தான், ஆரம்பத்துல ஒரு சின்ன வண்டியில இருட்டுக்குள்ள ஏத்திட்டு போவாங்க, அது மட்டும் இன்னைக்கும் ஞாபகம் இருக்கு, மத்தது ஒண்ணும் இல்ல. அது பெட்ரோனாஸ் கட்டின இடம்ங்கிறதால எண்ணெய் எப்படி எடுக்குறாங்கங்கிறதுதான் கதையோட நடுவுல இருக்கும், அது தப்பில்ல, நல்லாதான் பண்ணிருப்பாங்க, ஆனா 5-ஆம் ஆண்டு பாடத்துக்கு அது நேரா உதவாது.

ஆன்லைன்ல பெட்னு (PhET) ஒண்ணு இருக்கு, ஃப்ரீ. அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகம் நடத்துறது, 2001-ல இயற்பியல் நோபல் வாங்கின கார்ல் வீமன் அடுத்த வருஷமே ஆரம்பிச்சது. வீடியோ இல்ல, கையால நகத்தி விளையாடுற சிமுலேஷன், சுருக்கமா சிம். பேட்டரி, ஒயர், பல்பு எல்லாம் எடுத்து எடுத்து வச்சு சர்க்யூட் கட்டலாம், தப்பா ஷார்ட் சர்க்யூட் பண்ணா பேட்டரி நெருப்பு பிடிச்சு எரியும். உங்க பையன் கண்டிப்பா மொதல்ல அதத்தான் பண்ணுவான், பண்ணட்டும், ரிமோட்ட விட இது சீப்பு. முக்கியமா கொஞ்சம் சிம் தமிழ்லயே இருக்கு, மலாய்லயும் இருக்கு. மொழிய மாத்தி மாத்தி ஒரே சிம்ம தொறக்கலாம்.

பழைய_டீச்சர்_செந்தூல்:

அம்மா, நான் தமிழ்ப்பள்ளியில இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல அறிவியல் சொல்லிக்கொடுத்துட்டு ஓய்வு பெத்தவ. உங்க மகன் பட்டன அமுக்கிட்டு ஓடுறது அவன் தப்பு இல்ல. நாமளும் அப்படித்தான் கூட்டிட்டு போறோம். ஒரு தடவ எங்க பள்ளி பிள்ளைங்கள எண்பது பேர ரெண்டு பஸ்ல ஏத்திட்டு ஒரு இடத்துக்கு போனோம், அங்க கைடு பண்ண வந்த பொண்ணு "சீக்கிரம் சீக்கிரம், அடுத்த குழு வருது"ன்னு ஆடு மேய்க்கிற மாதிரி ஓட்டிட்டா, ஒரு பையன் குழிஆடி முன்னாடி தன் மூஞ்சி தலைகீழா தெரியுதேன்னு அசையாம நிக்கிறான், அவன கைய புடிச்சு இழுத்துட்டு போனதே நான்தான். அது இன்னும் எனக்கு உறுத்துது. அந்த எண்பது பேர்ல அன்னைக்கு எதையாச்சும் கத்துக்கிட்டது அவன் ஒருத்தன்தான், அவனையும் கெடுத்தாச்சு.

அதுக்கப்புறம் நான் ஒரு பழக்கம் வச்சிக்கிட்டேன். உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு கேள்விய மட்டும் கையில குடுத்துருவேன், "எந்த இடத்துல நீ நெனச்சதுக்கு எதிரா நடந்துச்சு, அத எனக்கு வந்து காட்டு"ன்னு. பட்டன அமுக்குறதுக்கு முன்னாடி என்ன நடக்கும்னு வாய் விட்டு சொல்லணும், அப்புறம்தான் அமுக்கணும். அவ்வளவுதான் ரூல். மூணு இடம் பாத்தா போதும், மிச்சத்த பாக்கலனாலும் காசு வீண்போகல. 1969-ல சான் பிரான்சிஸ்கோவுல ஃபிராங்க் ஆப்பன்ஹைமர் எக்ஸ்ப்ளோரட்டோரியம் தொறந்தப்ப (அணுகுண்டு ஆப்பன்ஹைமரோட தம்பிதான் இவரு) கண்ணாடிக்குள்ள வச்சு பூட்டாம பிள்ளைங்க கையால தொட்டு நோண்டட்டும்னுதான் செஞ்சாரு. இன்னைக்கு நம்ம ஊரு வரைக்கும் அந்த பட்டன் வந்துருச்சு, நின்னு நோண்டுற நேரம்தான் வரல. அவங்க இணையப் பக்கத்துல சயின்ஸ் ஸ்நேக்ஸ்னு ஒரு பகுதி இருக்கு, வீட்டுல இருக்கிற சாமான வச்சே செய்யலாம், இங்கிலீஷ்தான், ஆனா படத்த பாத்தாலே பாதி புரியும்.

மொழி விஷயம். பயப்படாதீங்க, ஆனா இப்பவே ஒரு நோட்டு போடுங்க. ஒரு பக்கத்துல மூணு கோடு, தமிழ், மலாய், இங்கிலீஷ். உராய்வு, கெசெரான், ஃபிரிக்‌ஷன். மின்சுற்று, லித்தார், சர்க்யூட். ஒளிச்சேர்க்கை, போட்டோசின்டெசிஸ், அது மலாய்க்கும் இங்கிலீஷுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். மியூசியத்துல போர்டு எல்லாம் மலாயும் இங்கிலீஷும்தான் இருக்கும், நான் போன இடத்துல தமிழ் பாத்த ஞாபகம் இல்ல, அதனால அங்கேயே நின்னு "இது நம்ம புத்தகத்துல என்ன பேரு சொல்லு பாப்போம்"னு கேளுங்க. படிவம் 1-ல தடுமாறுற பிள்ளைங்க பாதி பேருக்கு அறிவியல் தெரியாம இல்ல, தெரிஞ்ச விஷயத்துக்கு புதுப் பேரு வச்சிருக்காங்கன்னு யாரும் சொல்லாம விட்டதுதான். பிரிக்பீல்ட்ஸ் தம்பி சொன்ன மாதிரி பெட்ட மொழி மாத்தி தொறக்குறது இதுக்கு ரொம்ப நல்லது. ஆனா மியூசியம் வேஸ்டுன்னு சொன்னீங்களே தம்பி, இருட்டு வண்டி மட்டும் ஞாபகம் இருக்குன்னும் நீங்கதான் சொல்றீங்க, ஞாபகத்துல நிக்கிற ஒண்ணு இருந்துச்சுல்ல?

பிரிக்பீல்ட்ஸ்_பையன்:

டீச்சர் 😂 சரி சரி, ஒத்துக்குறேன்.

ராத்திரி_வானம்:

கேஎல் போறதா இருந்தா பிளானட்டேரியம் நெகாரா போங்க, லேக் கார்டன் பக்கம் மேட்டுல நீல குவிமாடம் வச்ச கட்டடம், 1994-ல தொறந்தது. பட்டர்வொர்த்ல இருந்து இடிஎஸ் ரயில்ல வந்தா நாலு மணி நேரம் சொச்சம், கேஎல் சென்ட்ரல்ல எறங்கிட்டா பக்கம்தான். டோம் தியேட்டர்ல சாஞ்சு படுத்துக்கிட்டு வானத்த பாக்கிறது போன்ல வராது, அத நான் எங்க வேணாலும் சண்ட போட்டு சொல்லுவேன். புறப்படுறதுக்கு முன்னாடி தொறந்திருக்கா, ஷோ எத்தன மணிக்குன்னு அவங்க பேஜ்ல பாத்துக்குங்க, திங்கக்கிழமை வாக்கில போயி ஏமாந்தவங்க நெறைய பேரு. பெரிய டூரா போறீங்கன்னா புக்கிட் கியாராவுல பூசாட் சைன்ஸ் நெகாராவும் இருக்கு, 1996-ல இருந்து ஓடுது, ஆனா ஒரே நாள்ல ரெண்டையும் வச்சீங்கன்னா மறுபடியும் ஓட்டம்தான்.

ஆனா அக்கா, காசே இல்லாம பாக்கிற ஒண்ணு சொல்றேன். நம்ம பக்கம் வருஷத்துல ரெண்டு நாள் நேரா நட்ட குச்சிக்கு நிழலே விழாது. பினாங்குக்கு ஏப்ரல் 3 வாக்கில ஒண்ணு, செப்டம்பர் 9 வாக்கில ஒண்ணு. கேஎல்லுக்கு மார்ச் 28, செப்டம்பர் 15 வாக்கில. சூரியன் சரியா தலைக்கு மேல நிக்கும். வீட்டு முன்னாடி தண்ணி பாட்டில நிக்க வச்சா போதும், அடியில நிழல் அப்படியே ஒளிஞ்சுக்கும். இதுல ஒரு வேடிக்கை, 12 மணிக்கு போயி நின்னீங்கன்னா நிழல் இருக்கும், ஏமாந்துருவீங்க. பகல் 1 மணி 20 நிமிஷம் வாக்கில பாருங்க. ஏன்னா நம்ம கடிகாரம் ஏற்கனவே சூரியனுக்கு முன்னாடிதான் ஓடிட்டு இருந்துச்சு, அது பத்தாம 1982 ஜனவரி 1-ல தீபகற்பத்து கடிகாரத்த இன்னும் அரை மணி முன்னாடி தள்ளி சபா சரவாக்கோட ஒண்ணாக்கிட்டாங்க, சூரியனுக்கு யாரும் சொல்லல 😄 கையில இருக்கிற கடிகாரம் ஒண்ணு சொல்லுது, வானம் ஒண்ணு சொல்லுதுன்னு பையன் கண்டுபிடிச்சான்னா அது எந்த டிக்கெட்டுக்கும் மேல.

அந்த நாள் வரைக்கும் காத்திருக்கணும்னு இல்ல. ஜூன்ல உச்சி வெயில்ல நிழல் தெற்க பாத்து விழும், டிசம்பர்ல வடக்க பாத்து விழும், மாசம் ஒரு தடவ சாக்பீஸால கோடு போட்டுட்டே வந்தா தானா தெரியும். ராத்திரிக்கு நட்சத்திரம் எங்க இருக்குன்னு காட்டுற ஸ்டெல்லேரியம் போட்டுக்குங்க, கம்ப்யூட்டர்ல ஃப்ரீ. பத்து ஃபெரிங்கி கடற்கரை வடக்க பாத்து இருக்கா, வானம் தெளிவா இருந்தா துருவ நட்சத்திரம் அடிவானத்துல இருந்து மூணு விரல் உயரத்துல நிக்கும் (கைய நீட்டி வச்சு அளக்கணும்), பினாங்கு பூமத்திய ரேகைக்கு 5 டிகிரி வடக்க இருக்கிறதாலதான் அந்த மூணு விரல். உண்மைய சொல்லணும்னா முக்காவாசி நாள் மேகமும் புகையும் மறைச்சிரும், நானே கொஞ்ச தடவதான் பாத்திருக்கேன்.

ஜெலுத்தோங்_மாமா:

டெக் டோம் போங்கம்மா, ஃபெரி எறங்கி ஒரு பஸ்ஸு. 2016-ல தொறந்தது, ரோபோ, மின்காந்தம், ஒளி, விசைன்னு பிரிச்சு வச்சிருக்காங்க. என் பேரப்பிள்ளைங்கள கூட்டிட்டு போயிருக்கேன். லீவு நாள் போகாதீங்க, சாதாரண நாள்ல காலையில போங்க. பசியாறிட்டு போங்க.

பட்டர்வொர்த்_அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெண்டு வாரம் கழிச்சு வந்து எழுதுறேன். கேஎல் இப்ப வேணாம், டெக் டோம் போனோம், ஃபெரியிலயே டீச்சர் சொன்ன ரூல சொல்லிட்டேன், அமுக்குறதுக்கு முன்னாடி வாய் விட்டு சொல்லணும்னு. மொதல் அரை மணி நேரம் மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டான். அப்புறம் ஒண்ணு ரெண்டு தப்பா சொல்லி சிரிச்சான், அப்புறம் தப்பா சொல்றதுக்குன்னே சொல்ல ஆரம்பிச்சுட்டான், அது வேற கத. கடைசியில பாத்தா எந்த மெஷினும் இல்ல, மேல கூரைய பாத்துட்டு நிக்கிறான். "மா, இது எல்லாம் முக்கோணமா இருக்கே, ஏன் சதுரமா கட்டல?" எனக்கு பதில் தெரியல. யாருக்காவது தெரியுமா?

நோட்டுல இது வரைக்கும் பதினெட்டு வார்த்த. பெட்ல நெருப்பு பத்த வச்சது பன்னெண்டு தடவ.

பழைய_டீச்சர்_செந்தூல்:

ஆஹா, நல்ல கேள்வி கேட்டிருக்கான். பதில சொல்லாதீங்கம்மா, செஞ்சு பாக்கட்டும். சாத்தே (கறி சுடுற) குச்சி எடுத்து ரப்பர் பேண்டால முனைய கட்டி ஒரு சதுரம், ஒரு முக்கோணம் செய்யச் சொல்லுங்க, ரெண்டையும் மூலையில புடிச்சு அமுக்கச் சொல்லுங்க. சதுரம் அப்படியே சாஞ்சு நசுங்கும், முக்கோணம் குச்சி ஒடஞ்சாத்தான் மாறும். சைக்கிள் ஃபிரேம், கிரேன், பாலம் எல்லாத்துலயும் எங்க ஒளிஞ்சிருக்குன்னு அப்புறம் அவனே தேடுவான். முனைய கட்டுறதுக்கு ரப்பர் பேண்ட் வழுக்குனா சைக்கிள் வால்வ் டியூப்ப துண்டு துண்டா வெட்டி தீக்குச்சிய சொருகலாம், அது இந்தியாவுல அரவிந்த் குப்தா காட்டின வித்த, குப்பையில இருந்து பொம்மை செய்றவரு, அவரு பக்கத்துல தமிழ் வீடியோவும் இருக்கு.

பிரிக்பீல்ட்ஸ்_பையன்:

அந்த மாதிரி கூரைய உலகம் பூரா பரப்புனவரு பக்மின்ஸ்டர் ஃபுல்லர்ங்கிற அமெரிக்க டிசைனர். 1985-ல 60 கார்பன் அணு சேந்து பந்து மாதிரி ஒரு மூலக்கூறு கண்டுபிடிச்சப்ப அவரு பேரத்தான் அதுக்கு வச்சாங்க, அதுக்கு 1996-ல நோபலும் கெடச்சுச்சு. ஆனா அதுல முக்கோணம் இல்ல, ஐங்கோணமும் அறுகோணமும், ஃபுட்பால் மாதிரி. பையன்கிட்ட ஃபுட்பால குடுத்து எண்ணச் சொல்லுங்க, ஐங்கோணம் எத்தனன்னு. நான் விடைய சொல்ல மாட்டேன், டீச்சர் திட்டுவாங்க.

பட்டர்வொர்த்_அம்மா:

பன்னெண்டுங்கிறான், கருப்ப மட்டும் எண்ணிட்டு ஓடி வந்து சொல்றான். சாத்தே குச்சியில கோபுரம் ஆரம்பிச்சாச்சு, ஹால்ல நடக்க இடம் இல்ல, குச்சி வேற பத்தல. இன்னைக்கு பசார் மாலாம்ல (ராத்திரி சந்தை) சாத்தே வாங்கினா அந்த அண்ணன்கிட்ட வெறும் குச்சி ஒரு கட்டு தனியா கேக்கணுமாம், காசு நானே குடுக்கிறேன்னு உண்டியல தொறந்து வச்சிருக்கான்.