மோரே - ஹீப்ரு ஒப்பீட்டுல மாட்டிக்கிட்டேன், மொழியியல் தெரிஞ்சவங்க உதவுங்க

மக்களே, புர்கினா ஃபாசோவுல மோசி மக்கள் பேசுற மோரே மொழியையும் ஹீப்ருவையும் ஒப்பிட்டு ஒரு பேப்பர் எழுதிட்டிருக்கேன், 3 வாரமா ஒரே இடத்துல நிக்குது. மோரேல புதன்கிழமைக்கு அர்பா, ஹீப்ருல அர்பா-ன்னா நாலு, சனிக்கிழமை அங்க சிப்ரி இங்க ஷபாத். முதல்ல பாத்தப்போ சொந்தம் இருக்குமோன்னு பயங்கர சந்தோஷமா இருந்துச்சு, அப்புறம் தோண்டினா மோரேயோட கிழமைப் பேரெல்லாம் இஸ்லாம் வழியா வந்த அரபிச் சொல், வெள்ளிக்கு அர்சுமான்னு சொல்றாங்க, அது அரபில வெள்ளிக்கிழமையைக் குறிக்கிற ஜும்ஆவேதான்.

இதுவரை செஞ்சது: ஸ்வாதேஷ் பட்டியல் (மொழிகளை ஒப்பிடப் பயன்படுத்துற அடிப்படைச் சொற்களோட பட்டியல்) 100 சொல் போட்டுப் பாத்தேன், தண்ணி கூம் - மயிம், கை நுகு - யாத், எதுவும் ஒட்டல. இலக்கணமும் பாத்தேன், ஹீப்ருல க-த-வ மாதிரி மூணு மெய் வேர், உள்ளுக்குள்ள உயிர் மாறும். மோரேல பின்னொட்டுதான் வேலை செய்யுது, நேதா ஒரு ஆள், நேபா பல பேர், அதோட தொனி (குரல் ஏத்த இறக்கத்தால அர்த்தம் மாறுறது) வேற இருக்கு. மோரே நைஜர்-காங்கோ மொழிக் குடும்பம், ஹீப்ரு செமிட்டிக் மொழிக் குடும்பம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ஆனா அரபிக் கடனைக் கழிச்ச பிறகும் சில ஜோடி மிஞ்சுது, நாபா (அரசர்) - நவி (தீர்க்கதரிசி) மாதிரி, அதைத்தான் என் கைடு விடாம கேக்குறாங்க.

இப்படி மிஞ்சுற ஜோடிங்க வெறும் தற்செயல்தான்னு கணக்கோட நிரூபிக்க எந்த முறையைப் பயன்படுத்தணும்?